வண்டி வயிற்றில் குண்டு நெல்

மார்கழி பாதி தாண்டிவிட்டால் எனக்கு வீடு கொள்ளாது. அறுப்பு வண்டியை விட்டு இறங்கிச் சில வருஷம் ஆகிவிட்டது. முதுகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வலது காது இன்ஜின் பக்கமே இருந்து இருந்து பாதி அடைத்துப்போனது. இருந்தாலும் லாரி மேல் ஏறி அறுப்பு மெஷின் ஒன்று பெரணமல்லூர் ரோட்டில் போகிற சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடிவிடுவேன். "சாமி ஊர்வலம் போவுது, போய் கும்பிட்டுகினு வாங்க" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். செய்யட்டும். எனக்கு அது சாமி ஊர்வலத்துக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை.

புதிதாக இந்த வண்டியில் ஏறியிருக்கும் தம்பிகள் அவ்வப்போது என்னிடம் வருகிறீர்கள். எந்த கியரில் போவது, கட்டரை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் கம்பெனி மெக்கானிக் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். வரப்பில் நாலு பேர் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கத்துகிறார்கள், கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, சீட்டில் உட்கார்ந்திருப்பது நீங்கள் ஒருத்தர். அப்போது என்ன செய்வீர்கள்? அதற்கு எந்த மெக்கானிக்கும் வரமாட்டார். அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

முதலில் ஒன்று. அறுப்பு அன்றைக்கு நிலத்துக்காரர் திட்டுவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாற்று விட்ட நாளிலிருந்து பட்ட பாடு மொத்தமும் அந்த ஒரு காலைப் பொழுதில் வந்து நிற்கிறது. பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும், சிலருக்கு வாய் நீண்டுவிடும். என்னை ஒரு பெரியவர் வாய்க்கு வந்தபடி பேசினார். நெல் டிராக்டரில் ஏறியதும் அவரே தென்னை மரத்தைக் காட்டி, "எத்தினி எளநி வேணும் சொல்லுப்பா" என்றார். நானும் விடவில்லை, வயிறு முட்டக் குடித்தேன்.

இனி வசந்தா வீட்டு அறுப்பு. நான் அறுத்த வயல்களில் இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிற வயல் அதுதான்.

வசந்தாவும் அவர் வீட்டுக்காரர் கஜேந்திரனும் ஆரணி டவுனில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டில் இரண்டு தறி. கண்ணமங்கலம் போகிற ரோட்டை ஒட்டி இரண்டரை ஏக்கர் நிலம், வசந்தாவின் மாமனார் வாங்கிப் போட்டது. சாதாரணமாக நெல் வைத்துப் பார்த்தார்கள், கையைக் கடித்தது. ரோட்டோர நிலம் என்பதால் பிளாட் போடுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கஜேந்திரனுக்கு அலுத்துவிட்டது. கொடுத்துவிடலாம் என்றார். வசந்தாவுக்கு மனசு வரவில்லை. "ஒரே ஒரு போகம் விதைக்குன்னு நெல் வெச்சுப் பார்க்கலாம், அதுக்கு விலை ஜாஸ்தி. தேறலன்னா நானே கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குள் பிளாட்காரர்கள் வயல் முனையில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். மாடி வீடு, வாசலில் கார், சிரிக்கிற புருஷன் பெண்டாட்டி, கீழே "விரைவில்" என்று எழுத்து. கட்டச் சொன்னவர் கஜேந்திரன்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அன்று காலை எனக்குத் தெரிந்தது வண்டி பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் போனில் சொன்னது மட்டும்: பொன்னி, இரண்டரை ஏக்கர், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

சாப்பாட்டு நெல்லுக்கும் விதைநெல்லுக்கும் அறுப்பில் என்ன வித்தியாசம் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. விதைநெல்லில் வேறு ரகம் கலக்கக் கூடாது. வயலில் தப்பி முளைத்த வேறு ரகப் பயிருக்குக் கலவன் என்று பேர். வசந்தா தறியை விட்டு இறங்கும் நேரமெல்லாம் வயலுக்குள் நடந்து, கொஞ்சம் உயரமாக நின்றது, முந்திப் பூத்தது, நிறம் மாறியது என்று கண்ணில் பட்ட கலவனையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார். விதை ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர்கள் வயல் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். இனி அறுத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் வந்ததோ ஏரிக்கு அந்தப் பக்கம் குண்டு நெல் அறுத்த கையோடு. வண்டியை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போதே கஜேந்திரன் ஓடி வந்தார். காதில் போன்.

"ஜல்தியா எறக்குங்க டிரைவரே. வெம்பாக்கத்துல எம் மச்சான் கீறான், அங்க மழை புடிச்சிகிச்சாம். கொட்டிகினு கீதாம்."

வெம்பாக்கத்தில் பிடித்த மழை செய்யாறு தாண்டி இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மழைக்குத்தான் தெரியும். ஆனால் வரும். காற்றிலேயே மண் வாசனை இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. மழையோடு பந்தயம் ஓடுவது என்றால் எனக்கு அப்படி ஒரு குஷி. கட்டரை இறக்கி, ரோட்டுப் பக்க வரப்பில் ஏறி, வயலுக்குள் வண்டியின் மூக்கை விட்டுவிட்டேன். வசந்தா எதிரே வந்து கையை ஆட்டினார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்.

"அண்ணா, கொஞ்சம் பாத்து அறுங்க. விதைநெல்லுங்க."

நெல் உடையாமல் அறுக்கச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. என்னோடு வண்டிக்கு உதவியாக வருகிறவர் தனபால். என்னைவிட நாலு வயது மூத்தவர், வெற்றிலை போடாமல் வாய் திறக்க மாட்டார். அவரைப் பார்த்தேன்.

"அண்ணா, புரோக்கர் விதைன்னு சொன்னானா?"

"பொன்னின்னுதான் சொன்னான். விதைன்னு சொல்லலியேப்பா."

நான் இன்ஜினை நிறுத்தினேன். தம்பிகளே, மழை வருகிற நேரத்தில் வயலுக்குள் மூக்கை விட்ட வண்டியை நிறுத்திப் பாருங்கள். அந்த அமைதியில் எத்தனை பேர் உங்களை முறைப்பார்கள் என்று தெரியும்.

"இன்னா ஆச்சி? ரிப்பேரா?" என்றார் கஜேந்திரன்.

நாம் நெல் டேங்க்கைக் கொட்டிவிட்டால் வண்டி காலி என்று நினைக்கிறோம். காலி இல்லை. சல்லடைக்கு அடியில், நெல்லை மேலே தூக்குகிற குழாயின் முட்டியில், மூலை முடுக்கில் எல்லாம் போன வயல் நெல் ஒளிந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு நெல் என்றால் யாரும் கவலைப்படுவதில்லை, மில்லில் போய் எல்லாம் ஒன்றாகிவிடும். நான் கீழே இறங்கி அடிமூடியைத் திறந்தேன். பொலபொலவென்று குண்டு நெல் விழுந்தது. வசந்தா குனிந்து ஒரு கை அள்ளினார்.

"இதெல்லாம் என் நெல்லோட போவுமா?"

"போவும்மா."

அவர் கையில் இருந்த நெல்லை விரலால் கிளறிப் பார்த்தார். கஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"வசந்தா, மழையில நனைஞ்சா கதிர்லயே முளைச்சிடும். அப்புறம் விதையும் கிடையாது, சோறும் கிடையாது. கொஞ்சம் கலந்தா கலந்துட்டுப் போவுது. நீங்க வண்டிய எடுங்க டிரைவரே, பேஜார் பண்ணாதீங்க."

"தறிப் பாவுல ஒரு இழை நெறம் மாறிப் போச்சின்னா நீங்க சேலைய கடைக்கு எடுத்துகினு போவீங்களா?" என்றார் வசந்தா.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். இந்த மாதிரி நேரத்தில் அதுதான் கொடுமை. ஒருத்தர் தப்பாகப் பேசினால் நமக்கு வேலை சுலபம். கலந்து அறுத்தால் விதைநெல் போச்சு, எனக்கு அப்போது தெரியாவிட்டாலும் சொன்ன சொல்லுக்கு வசந்தா கையெழுத்துப் போட வேண்டும். சல்லடையை எல்லாம் கழற்றி முழுசாகச் சுத்தம் செய்தால் அதற்குள் மழை வந்துவிடும், அப்போதும் அதே கையெழுத்து. கஜேந்திரனின் போன் மறுபடி அடித்தது. மழை செய்யாறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாம்.

மனசுக்குள் ஒரு பக்கம் பதற்றம், இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே கொண்டாட்டம். மூளை இப்படி ஓடுகிற நேரம் மனுஷனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. நான் தனபால் அண்ணனிடம் எல்லா மூடியையும் திறக்கச் சொன்னேன். பிறகு வசந்தாவிடம் சொன்னேன்.

"யம்மா, திறந்து விட்டு கொஞ்ச நேரம் வெறும் வண்டிய முறுக்கி ஓட்டறேன். பாதி போயிடும். மீதிய உங்க நெல்ல வெச்சேதான் கழுவணும். முதல் சுத்து அறுக்கறது விதையில சேராது. அது வண்டி கழுவற தண்ணி மாதிரி. தனியா கொட்டிடணும்."

"எந்தப் பக்கம் அறுப்பீங்க?"

கால்வாய்ப் பக்கம் பயிர் சுமார்தான். ஆனால் அங்கே மண் ஈரம். சக்கரத்துக்குப் பதில் செயின் போட்ட வண்டியே ஆனாலும் முதல் சுற்றிலேயே புதைந்துவிட்டால் கதை முடிந்தது. மண் இறுகிக் கிடந்தது ரோட்டுப் பக்கம். பயிர் நன்றாகத் தலை சாய்ந்து, கதிர் நிறைந்து நின்றதும் அதே ரோட்டுப் பக்கம்தான். நான் கையைக் காட்டினேன். வசந்தாவின் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பக்கத்தில்தான் அவர் அதிகம் நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"அங்கயே விடுங்கண்ணா" என்றார்.

"கழுவுன நெல்லை எதுல கொட்றது?" என்று கேட்டார் தனபால் அண்ணன். நான் அதை யோசிக்கவே இல்லை. டிராக்டர் பெட்டி ஒன்றுதான் இருந்தது, அது விதைநெல்லுக்கு. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அது பெட்டியை மூட. வெறும் தரையில் கொட்டினால் மண்ணோடு போய்விடும். நல்ல நெல்லை அப்படி மண்ணில் கொட்ட யாருக்குக் கை வரும்?

கஜேந்திரன் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வயல் முனைக்கு நடந்தார். ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. இடுப்பில் இருந்த அரிவாளால் கயிற்றை வெட்டினார். ஒரு பக்கம் சரிந்து காற்றில் படபடவென்று அடித்தது. மறு பக்கத்தையும் வெட்டி, தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வரப்போரம் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார். மாடி வீடும் காரும் வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டன.

"இதுல கொட்டுங்க" என்றார். வசந்தா அவரையே பார்த்தார். அவர் வசந்தாவைப் பார்க்கவில்லை. ஒரு கல்லை மறுபடி எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்குப் பதிலாக இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். வெறும் வண்டியை முறுக்கினேன். அடியில் குண்டு நெல் தெறித்துக் கொட்டியது. தனபால் அண்ணன் ரப்பர் சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். இதற்குமேல் காத்திருக்க முடியாது என்றதும் மூடியைப் போட்டு முதல் சுற்றை ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரம் அறுப்பேன், நிறுத்துவேன். வசந்தா ஏணியில் ஏறி டேங்க்கிலிருந்து ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். சன்னமான பொன்னிக்கு நடுவே குண்டு நெல் தடித்தனமாக உட்கார்ந்திருக்கும்.

"கீதுண்ணா. நெறைய கீது."

மறுபடி அறுப்பு, மறுபடி நிறுத்தம். டேங்க்கில் சேர்ந்ததை மாடி வீட்டு மேல் கொட்டிவிட்டு வருவேன். கஜேந்திரன் ஃப்ளெக்ஸ் ஓரத்தில் நின்றுகொண்டு வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். காற்று திரும்பிவிட்டது. கொக்குகள் வண்டிக்குப் பின்னால் பூச்சி பொறுக்குவதை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் பறந்தன.

"இப்போம்மா?"

"ரெண்டு மூணு கீதுண்ணா."

"போதும் வசந்தா" என்றார் கஜேந்திரன். அவர் குரலில் கோபம் போய்விட்டிருந்தது, கெஞ்சல்தான் இருந்தது. வசந்தா என்னைப் பார்த்தார். தம்பிகளே, இங்கேதான் கணக்குப் போட வேண்டும். இன்னும் ஒரு நடை போனால் நல்ல விளைச்சல் இன்னும் கொஞ்சம் போகும், நேரமும் போகும். போகாவிட்டால் அதுவரை கழுவியது வீண். பாதி சுத்தம் என்று விதையில் ஒன்று கிடையாது. நான் ஒரு விரலைக் காட்டினேன். இன்னும் ஒரே நடை. அவர் தலையாட்டினார்.

அந்த நடை முடிந்து அவர் அள்ளிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொரு கை அள்ளினார். பிறகு ஏணியிலிருந்து குதித்து, டிராக்டரை வரச் சொல்லி இரண்டு கையையும் வீசினார்.

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் கால் தானாகவே மிதிக்கிறது. வண்டி வயலைத் தின்றுகொண்டு போனது. தூசி கண்ணை மறைத்தது, தனபால் அண்ணன் கையால் வழி காட்டினார். டிராக்டர் பக்கத்திலேயே ஓடி வந்து நெல்லை வாங்கிக்கொண்டது. குழாயிலிருந்து பொன்னி கொட்டுகிறது பாருங்கள், அந்த மங்கிய வெளிச்சத்தில் அப்படி ஒரு நிறம். நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கால்வாய்ப் பக்கம் ஒரு மூலை மிச்சம் இருக்கும்போது கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. நான் நிறுத்தினேன்.

வசந்தா ஓடி வந்தார். "அண்ணா, அந்த மூலைய மட்டும். ரெண்டு நடைதானே."

"வேணாம்மா. நனைஞ்ச நெல்லு காஞ்ச நெல்லு மேல விழுந்தா பெட்டி முழுக்க சூடேறிடும். விதை முளைக்காது. வண்டியும் அங்க புதையும்."

"அவ்ளோ பாடுபட்டதுண்ணா அது."

பயிர் நிற்கிறது, வண்டி நிற்கிறது, அறுக்காதே என்று நானே சொல்கிறேன். கஜேந்திரன் வந்து வசந்தாவின் தோளில் கை வைத்தார்.

"அது நம்ம சாப்பாட்டுக்கு இருக்கட்டும். நாளைக்கு நான் கையால அறுக்கறேன். வா, தார்ப்பாய புடி."

தார்ப்பாய் இழுத்துக் கட்டி முடிக்கவும் மழை ஊற்றவும் சரியாக இருந்தது. கழுவிய நெல்லை ஃப்ளெக்ஸோடு சுருட்டி மூட்டை மாதிரி கட்டி அதன்மேல் கஜேந்திரன் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். யாருக்கும் ஒதுங்கத் தோன்றவில்லை.

அந்த ஈரக் காற்றில் விதைநெல்லை எங்கே காயவைப்பது என்ற கவலை வந்தது. மார்கழியில் கல்யாணம் ஏது? அவர்கள் தெருமுனை மண்டபம் சும்மா கிடந்தது. பொண்ணு மாப்பிள்ளை உட்கார்கிற மேடை முதல் சாப்பாட்டுக் கூடம் வரை பொன்னியைப் பரப்பி, எல்லா ஃபேனையும் போட்டுவிட்டார்கள். நானும் தனபால் அண்ணனும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். "ஜோரான கல்யாணம்பா" என்றார் அவர்.

அறுத்தவனுக்கு அந்த வயல் அன்றோடு முடிந்துவிடும், அடுத்த வயல், அடுத்த ஊர். எனக்கு இந்த வயல் மட்டும் முடியவில்லை. விதை ஆபீசிலிருந்து வந்து நெல் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வசந்தா பேசினார். "அண்ணா, தேறிடுச்சிங்க" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. மீதி என் அடைத்த காதில் விழுந்ததா, அவருக்கு அழுகை வந்துவிட்டதா, தெரியாது. சோற்றுக் கையோடு எழுந்து நின்று தனபால் அண்ணனைக் கட்டிக்கொண்டேன். அவர் சட்டையில் குழம்புக் கறை இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கழுவிய நெல்லை அரைத்து ஒரு சிப்பம் அரிசி என் வீட்டுக்கும் வந்தது. குண்டும் சன்னமும் கலந்த அரிசி. பாதி குழைந்துவிடும், பாதி நறுக்கென்று நிற்கும். "இது இன்னா அரிசி, பானையில சண்டை போட்டுகினு கீது" என்றாள் என் மனைவி. கதையைச் சொன்னதும் மறுசோறு வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் எந்த வயலிலும் வண்டியை இறக்குமுன் ஒரு கேள்வி கேட்பேன்: சாப்பாட்டுக்கா, விதைக்கா? நீங்களும் கேளுங்கள். புரோக்கர் சொன்னார், மழை வருகிறது, நிலத்துக்காரர் கத்துகிறார் என்பதற்காக அந்தக் கேள்வியை விழுங்காதீர்கள். அடுத்த வருஷம் வசந்தா வயலுக்குப் போனபோது என்னைக் கேட்கவே விடவில்லை. லாரி நிற்பதற்குள் ஓடி வந்து, "அண்ணா, வண்டி எந்த ஊர் நெல்ல அறுத்துகினு வருது?" என்றார்.

அன்று வயல் முனையில் இரண்டு சவுக்குக் கம்பும் வெறுமனே நின்றன. கஜேந்திரன் ஒரு கம்பில் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார். பிளாட்காரர்கள் அப்புறம் வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்தாங்க. எங்க ஃப்ளெக்ஸ் எங்கன்னு கேட்டாங்க. அதும்மேல நெல்லு காஞ்சிகினு கீது, காஞ்சதும் தரேன்னு சொன்னேன்."

"போன வருஷ நெல்லா?"

"ஆமா" என்றார், சிரிக்காமல். "இன்னும் காயல."